பச்சைக் கோடும் கடைமடை வயலும்

இருளப்பன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். எங்கள் ஊரில் அவர் துண்டை உதறினால் கூட்டம் முடிந்தது என்று பொருள். சாவடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழ ஆரம்பித்தார்கள். அங்கே இருந்த ஒரே பெண் நான். தூணோரம் நின்று, அவ்வளவு பேர் முன்னால் சற்று முன்புதான் பேசி முடித்திருந்தேன்.

பேசியது கண்மாய்த் தண்ணீரைப் பற்றி. மிச்சம் கிடக்கிற தண்ணீரை எந்த வயலுக்கு முதலில் விடுவது, எதற்கு அடுத்து விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதிர்ப்பார்கள் என்று நினைத்தேன். முனகிவிட்டுச் சரி என்றார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைக்கு நடுவில்தான் உறைத்தது, நான் சொன்ன வரிசையில் என் வயல் இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. காலையில் அந்த வயலில் நின்று கண் கலங்கிவிட்டுத்தான் சாவடிக்கே வந்திருந்தேன்.

அந்த நொடியில் என் கண்முன் ஒரு பெண் வந்தாள். வெள்ளை அங்கி, கையில் நீளமான கோல், நெஞ்சில் தைத்த அம்பு. அப்படியே பின்பக்கமாகச் சாய்கிறாள். அவளும் நான்தான். அவள் எப்படிச் செத்தாள், ஏன் திரும்பத் திரும்பச் செத்தாள் என்று சொல்லாமல் சாவடிக் கதையை முடிக்க முடியாது.

ஒரு வாசகரின் கவலை

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்தத் தொடரில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். உடனே ஒரு வாசகர், குடும்பப் பெண் இப்படி நேரத்தைக் கொல்லலாமா என்று வருத்தப்பட்டிருந்தார். ஐயா, நேரம் நன்றாகத்தான் இருக்கிறது. கொல்லப்பட்டதெல்லாம் நான்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் இணையம் வழியாக ஓர் உலகத்துக்குள் நுழைவோம். காடு, மலை, கோட்டை எல்லாம் அங்கே உண்டு. ஆளுக்கொரு வேடம். ஒருவர் கேடயம் பிடித்து முன்னால் நிற்பார். சிலர் வெட்டுவார்கள், எய்வார்கள். ஒருவர் மட்டும் கடைசியில் நின்று, அடிபட்டவர்களுக்கு மந்திரத்தால் உயிர் ஏற்றுவார். அவர்தான் வைத்தியர். வெல்ல வெல்ல லெவல் ஏறும்.

ஒவ்வொருவர் உயிரும் திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடாக இருக்கும். அடி விழுந்தால் கோடு குறையும், சிவக்கும். கோடு தீர்ந்தால் ஆள் காலி. வைத்தியருக்குப் பூதத்தைப் பார்க்க நேரமிருக்காது. அவர் பார்ப்பது கோடுகளை மட்டும்தான். இத்தனை வருடத்தில் மூன்று விளையாட்டு ஆடியிருக்கிறேன். நாங்கள் அடித்துக் கொன்ற பூதங்களின் முகம் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது.

பை நிறையத் தண்ணீர்

முதல் விளையாட்டு அருப்புக்கோட்டையில் ஆரம்பித்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. பாளையம்பட்டியில் இருந்த அப்பா வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, பீட்டர் அண்ணன் நடத்திய பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். காலையில் விண்ணப்பம் நிரப்புவது, பிரிண்ட் எடுப்பது. மதியம் வெயில் ஏறிவிட்டால் ஒரு ஆள்கூட வரமாட்டார். மின்விசிறி கடகடவென்று சுற்றும். ஜெராக்ஸ் மெஷினின் சூட்டு வாசனை கடை முழுக்க நிற்கும்.

பீட்டர் அண்ணன் ஆறடி உயரம், தங்கமான மனசு, விளையாட்டில் மட்டும் பேராசை. ஆளுயர வாளைத் தூக்கிக்கொண்டு கண்ட குகைக்குள் எல்லாம் நுழைவார், அடிபட்டுச் சாவார்.

"தங்கச்சி, நீ சும்மாதான உக்காந்திருக்க. எம் பின்னாடி நின்னு அந்தப் பச்சைப் பொத்தானை மட்டும் அமுக்கு. வேற ஒன்னும் செய்ய வேணாம்" என்றார்.

நான் வைத்தியக்காரி ஆன வரலாறு இவ்வளவுதான். எனக்கு என்ன வேடம் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த உலகத்தில் முதல் ஊரே ஒரு ஆற்றங்கரை. எங்கு பார்த்தாலும் பச்சை. தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டே இருந்தது. வைத்தியர்களுக்கு மந்திரம் தீர்ந்துபோனால் தண்ணீர் குடித்தால் திரும்ப ஏறும். ஆற்றில் குடுவையை நிரப்பிக்கொள்ளலாம், காசு கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் தண்ணீர் எடுத்தாயா என்று கேட்கப்பட்டே வளர்ந்தவள் நான். நிரப்பினேன். பையில் இடம் இருக்கிறவரை நிரப்பினேன்.

ஒருநாள் பெரிய குகை ஒன்றின் கடைசி அறைவரை போய்விட்டோம். காவல் பூதம் செத்து விழுந்தது. அதன் மடியிலிருந்து குகைப் புதையலின் சாவி விழுந்தது. நான்தான் பக்கத்தில் நின்றேன். சாவியை எடுக்க முடியவில்லை.

"எடு தங்கச்சி, மறஞ்சு போகும்."

"பையில எடமில்லண்ணே."

"என்னத்த வச்சிருக்க?"

"தண்ணிண்ணே."

"எல்லாமேவா?"

"போற வழியில கெடைக்காட்டி என்ன செய்யிறது?"

சாவி கண்ணெதிரே கரைந்து போனது. பீட்டர் அண்ணன் திட்டவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்தார். "பெரிய குகையை வித்துத் தண்ணி வாங்கினவ நீ ஒருத்திதேன்" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னார்.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று என்னிடம் இருந்தது. அது கோளாறு என்றே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் எப்போதும் முதலில் சாவது நான்தான். பச்சைப் பொத்தானை என் மேலும் அமுக்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும். கை போகாது. வீட்டில் நாலு பேர் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது முதல் இட்லியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிற கூச்சம். வைத்தியர் சாவது தொழில் தர்மம் என்று பீட்டர் அண்ணனும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பிறகு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. பிரவுசிங் சென்டருக்கு ஆள் குறைந்தது. அண்ணன் கேமரா மாட்டும் தொழிலுக்குப் போய்விட்டார். விளையாட்டை நடத்தியவர்களும் ஒரு அறிவிப்புப் போட்டு அந்த உலகத்தையே மூடினார்கள். ஆறு, குகை, என் லெவல், வெள்ளை அங்கி எல்லாம் ஒரே நாளில் போயின.

அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன். ஆனால் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. கை ஒரு வேலை செய்யும்போது ஐந்து பேருடைய பச்சைக் கோடுகளையும் ஒரே பார்வையில் பிடிக்கிற கண். அந்தக் கண்ணை எந்தக் கம்பெனியும் மூட முடியாது.

செயிச்சியா?

கல்யாணமாகித் திருச்சுழிப் பக்கம் வந்தேன். வீட்டுக்காரர் கணேசன் லாரி ஓட்டுகிறார். பந்தல்குடியில் லோடு ஏற்றினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவர் முகம் கொஞ்ச நேரம்தான் வரும். மீதி நேரத்துக்கு இரண்டாவது விளையாட்டு வந்தது.

அது கடலும் தீவுகளுமாக இருந்த உலகம். இந்த முறை தெளிவாக இருந்தேன். வைத்தியம் வேண்டாம், யாருக்கும் பரிமாற மாட்டேன் என்று முடிவெடுத்து வில்லைத் தூக்கினேன். தனியாக அலைந்தேன். மறுபடி லெவல் ஒன்றிலிருந்துதான். கூட ஆரம்பித்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு விரல் வேகம், எனக்குக் கண் வேகம்.

தனியாக ஆடுவதில் ஒரு சிக்கல். கூட்டத்தில் கொஞ்ச நேரம் சேர்ந்தால் பிரிய வேண்டும். எங்கள் பக்கம் சொல்லாமல் கிளம்புவது பெரிய மரியாதைக் குறைவு. "போயிட்டு வாரேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, அவர்கள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் வாசல் தாண்டலாம். நான் நடுக்கடலில் நின்றுகொண்டு, பெயர் தெரியாத ஆட்கள் ஒவ்வொருவருக்கும் விடைபெறும் செய்தி தட்டுவேன். தட்டி முடிப்பதற்குள் எவனாவது பின்னால் வந்து வெட்டிவிட்டுப் போவான். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு சொல்லும் சொல்லாமல் கிளம்பப் பழகினேன். முதல் முறை அப்படிக் கிளம்பியபோது யாரையோ அடித்துவிட்டு ஓடுவது மாதிரி இருந்தது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவரும் கவனிக்கக்கூட இல்லை.

வீட்டில் இதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் மாமியார். புரிந்துகொண்டார் என்றால், அவர் முறையில்.

"யாரோட சண்டை?"

"கடல் பூதத்தோட அத்தை."

"செயிச்சியா?"

"தோத்துட்டேன்."

"அப்பச் சோத்த வடி. குழையுது."

தினமும் இதே கேள்வி, இதே பதில். என்ன விளையாட்டு, எதற்கு விளையாட்டு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வென்றேன் என்று நான் சொன்ன ஒருநாள், "பெறகென்ன" என்று சொல்லிவிட்டுத் தானே போய்ச் சோற்றை வடித்தார். பரிசு வாங்கிய சந்தோஷம் எனக்கு.

ஆனாலும் அந்த விளையாட்டு ஒட்டவில்லை. வில்லை வைத்துக்கொண்டு நான் செய்தது என்ன தெரியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மருந்துக் குப்பி எறிந்தேன். பிறவிக் குணம் போகவில்லை. போன் பழுதானது. புதுப் போனில் அந்த விளையாட்டை நான் திரும்ப ஏற்றவில்லை.

வீரசோழன் கோடரி

மூன்றாவது விளையாட்டு, இப்போதும் ஆடுவது. இதில் தமிழ் பேசுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். துபாயில் டிரைவராக இருக்கிறவர், மலேசியாவில் ஹோட்டல் வைத்திருக்கிறவர், கோவையில் படிக்கிற பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். வைத்தியர் பஞ்சம் அங்கே. என்னைக் கண்டதும் விடவில்லை. வெள்ளை அங்கியை மறுபடி மாட்டினேன். இந்த முறை யாரும் சொல்லி மாட்டவில்லை. பிடித்து மாட்டினேன்.

சங்கத்தில் முன்னால் நிற்பது இடுப்புவரை தாடி வைத்த ஒரு கோடரிக்காரன். இரும்புச் சட்டை, மலை மாதிரி உருவம். எல்லோரும் குரலில் பேசும்போது அவன் மட்டும் எழுத்தில்தான் பதில் சொல்வான். நான் பேச்சோடு பேச்சாகத் திருச்சுழிப் பக்கம் என்று சொன்ன அன்று எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது. "அக்கா, எனக்குப் பக்கத்து ஊரு வீரசோழன்தேன். பஸ்ஸுல வந்தா பாக்கலாம்."

வீரசோழன் சந்தைக்குப் போன நாளில் அந்தத் தாடிக்காரனைப் பார்த்தேன். தையல் மெஷினுக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடா தொங்க, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள் நூர்ஜஹான். என் தங்கை வயது இருக்கும். மாவரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே, முந்தின வாரம் நாங்கள் கொன்ற ஓநாய்க் கூட்டத்தைப் பற்றி இருவரும் கத்திப் பேசினோம். அவளுடைய மாமியார் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் சங்கத்துக்கு ஒரு கல் பூதம் மடியாமல் இருந்தது. வாரக்கணக்காக மோதினோம். ஒவ்வொரு முறையும் பாதியில் நான் விழுவேன். நான் விழுந்ததும் எல்லோரும் வரிசையாக விழுவார்கள். பரவாயில்லை அக்கா, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பெருமூச்சு விட்டுத் தியாகி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

நூர் மட்டும் போன் போட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நம்ம சாகுறதே ஒங்களாலதேன்."

"நா எல்லாருக்கும் பாக்குறேனே நூரு."

"அதேன் சொல்றேன். எல்லாருக்கும் பாக்குறீக. ஒங்க கோடு செவந்து கெடக்கு, அத மட்டும் பாக்க மாட்டேங்குறீக. நீங்க விழுந்தா எங்களுக்கு யாரு இருக்கா?"

"அவுகளுக்கு உசிரு போகுறப்ப நா எனக்குப் போட்டுக்கிட்டு நிக்கவா?"

"நிக்கணும்க்கா. அது ஒங்க வேலை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் விளையாட்டுப் பக்கமே போகவில்லை. மற்றவர்களுக்காகச் சாகிறவளைப் பார்த்து, உன்னால்தான் தோற்கிறோம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அவள் சொன்னது துணி துவைக்கும்போதும் காதில் கேட்டது, களை எடுக்கும்போதும் கேட்டது. நான் தியாகம் என்று பெயர் வைத்திருந்தது வெறும் கூச்சம். எனக்கும் வேண்டும் என்று கேட்க வாய் வராத கூச்சம்.

திரும்பப் போனதும் முதல் காரியமாகத் திரையில் கோடுகளின் வரிசையை மாற்றினேன். அதுவரை என் கோடு கீழே, கண் எட்டாத மூலையில் கிடந்தது. அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

மறுபடி கல் பூதம். பாறை ஒன்று உருண்டு வந்து என்னையும் துபாய் டிரைவரையும் சேர்த்து அடித்தது. இரண்டு கோடும் சிவப்பு. ஒருவருக்குத்தான் நேரம். பழைய பழக்கத்தில் விரல் அவர் பெயருக்குப் போனது. இழுத்து, என் பெயரை அமுக்கினேன். அவர் செத்துப்போனார். "என்னக்கா இது" என்று அவர் குரல் வந்தது. நான் அடுத்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பூதம் பொலபொலவென்று உதிர்ந்தது. செத்துக் கிடந்த டிரைவர்தான் முதலில் கைதட்டினார்.

அன்று லெவல் ஏறியதா என்று நினைவில்லை. அன்றிலிருந்து நான் வேறு ஆள் என்பது மட்டும் தெரியும்.

சாவடிக்குத் திரும்புகிறேன்

இனி கண்மாய். இரண்டு வருடம் வறண்டு கிடந்த கண்மாய் இந்த முறை பாதிதான் நிறைந்தது. இப்போது மிச்சமிருப்பது ஒரு தண்ணீருக்குக்கூட, அதாவது எல்லா வயலுக்கும் ஒரு முறை பாய்ச்சக்கூட, முழுசாகக் காணாது. வழக்கம் என்னவென்றால், மடையை ஒட்டிய வயலில் ஆரம்பித்து வரிசையாகப் பாய்ந்து கடைசிக்கு வரும். அப்படி விட்டால் கடைமடை வயல்களுக்கு வருமுன்பே கண்மாய் காய்ந்துவிடும். எங்கள் வயல் கடைமடைக்குச் சற்று முன்னால்.

வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். கூட்டத்துக்கு யார் போவது என்று மாமியாரைக் கேட்டேன். "வயல்ல கெடந்து பாடுபடுறது நீதான? நீ போ" என்றார்.

போவதற்கு முன் கண்மாய் பாயும் ஆயக்கட்டு நிலம் முழுவதும் வரப்பு வரப்பாக நடந்தேன். எந்தப் பயிர் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். பூதத்தைப் பார்க்காமல் கோடுகளைப் பார்க்கிற கண்தான் அது. கடைமடைக்காரர்கள் கண்மாயை நம்பாமல் முதல் மழையிலேயே விதைத்தவர்கள். அவர்கள் பயிர் இப்போது பொதி கட்டி, கதிர் வெளியே வரும் நேரம். இப்போது தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் பதர். மடையடிக்காரர்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்து பிந்தி நட்டவர்கள். அது இளம் பயிர். மடைக் கசிவில் மண்ணும் ஈரமாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும்.

இதைத்தான் சாவடியில் சொன்னேன். அந்தோணி மாமா வயல், பேச்சியம்மா வயல், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. கோடு எங்கே குறைந்திருக்கிறதோ அங்கே முதலில். கோடு என்று சொல்லவில்லை, பயிர் என்று சொன்னேன். கண்மாய்ச் சங்கத் தலைவர் கருப்பசாமி மாமா யோசித்துவிட்டு, "பிள்ளை சொல்றது நாயந்தேன்" என்றார். மடையடி வயல்காரரான இருளப்பன் மாமா விருப்பமில்லாமல் துண்டை உதறினார்.

என் வயலை நான் சொல்லவே இல்லை.

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. இப்போது வாயைத் திறந்தால், இதற்காகத்தான் இவ்வளவும் பேசினாள் என்பார்கள். சொன்ன நியாயம் அத்தனையும் கெடும். கிடைத்த வரிசையும் கலைந்துபோகலாம். வாயைத் திறக்காவிட்டால் எங்கள் பயிர் போய்விடும். இரண்டு வருடம் கழித்து நெல் பார்க்கப்போகிற வயல்.

"மாமா, ஒரு நிமிசம் இருங்க" என்றேன்.

எழுந்தவர்கள் நின்றார்கள்.

"ஒரு வயலு விட்டுப்போச்சு."

"யாரு வயலு?" என்றார் கருப்பசாமி மாமா.

"என் வயலு. சொன்ன எல்லாத்துக்கும் முந்தி அதுக்குத்தேன் விடணும்."

சாவடியில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரோ சிரித்தார்கள். இருளப்பன் மாமா தோளில் போட்ட துண்டைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"அப்படிச் சொல்லு. அதுக்குத்தேன் இம்புட்டு நீளமாப் பேசினியா?"

காது இரண்டும் சூடானது. ஆனால் குரல் நடுங்கவில்லை. முகம் தெரியாத அத்தனை பேர் நடுவில், உயிர் போகிற அவசரத்தில் யாருக்கு என்ன என்று வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய குரல்.

"ஆமா மாமா. எனக்கும் சேத்துத்தேன் பேசினேன். கடைசில இருக்குறவுகளுக்குக் கரம்பை மண்ணு, கொஞ்சம் ஈரம் பிடிச்சு வச்சிருக்கு. என்னுது மேட்டு வயலு. எல்லாத்தையும் விட அதுதேன் மோசமாக் கெடக்கு. எனக்கு வேணுங்கிறதுக்காக அது பொய்யாகிருமா? நடந்து வந்து காலை வச்சுப் பாருங்க. இல்லேன்னா நா சொன்ன மொத்தத்தையும் தள்ளிருங்க."

கருப்பசாமி மாமா செருப்பை மாட்டினார். அவருக்குப் பின்னால் எல்லோரும் வந்தார்கள், இருளப்பன் மாமாவும்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. வரப்பில் அந்த ஊர்வலத்தைப் பார்த்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

வயலில் கருப்பசாமி மாமா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். வெடிப்பில் காலை வைத்தார். பாதிப் பாதம் உள்ளே போனது. ஒரு தூரைப் பிடித்துத் தண்டை விரலால் பிரித்துப் பார்த்தார். உள்ளே கதிர் வெள்ளையாக, சுருண்டு இருந்தது. அதை இருளப்பன் மாமாவிடம் நீட்டினார். அவர் வாங்கி, பல்லால் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் நாலு நாளு விட்டா வைக்கோலுதேன்" என்றார் இருளப்பன் மாமா. என் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். "எம்பயிரு தாங்கும். இதுக்கு விடுங்க."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

தண்ணீர் வந்தது

மறுநாள் காலை வாய்க்காலில் தண்ணீர் வந்தது. காய்ந்த வாய்க்கால் முதலில் வெகுநேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. நுரையும் சருகுமாகத் தண்ணீரின் தலை மெல்ல ஊர்ந்து வந்தது. மண்வெட்டியால் நானே வரப்பை வெட்டி விட்டேன். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது குபுகுபுவென்று காற்று வெளியே வந்தது. சூடான மண் நனைகிற வாசனை.

மடை பார்க்கிற முனியாண்டி அண்ணன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். மேலே மடையில் நிற்கிற தன் தம்பிக்குப் போனில் நிலவரம் சொல்வது அவர் வேலை. போன் என்று பெயர்தான். அவர் பேசினால் போன் இல்லாமலே மடைவரைக்கும் கேட்கும். வாய்க்கால் நெடுக ஆண்கள் அவரவர் முறைக்காக நின்றிருந்தார்கள்.

தண்ணீர் வயலின் மறுகரையைத் தொட்டது. முனியாண்டி அண்ணன் போனைக் காதில் வைத்தார்.

"ஏலே, கணேசன் வயலு ரொம்பிருச்சு..."

"அண்ணே" என்றேன். "உழுதது, விதைச்சது, கேட்டு வாங்கினது எல்லாம் நானு. எம் பேரச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வாய்க்காலில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மூன்று உலகங்களில் என்னென்னவோ பெயர் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். இந்த ஊரில் நான் கணேசன் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பெயரை வெளியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"ஒங்க பேரு என்ன தாயி?" என்றார் மெதுவாக.

சொன்னேன்.

அவர் போனைத் திரும்பக் காதில் வைத்து, கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஏலே, செல்வராணி வயலு ரொம்பிருச்சு. அடுத்த வயலுக்கு விடு."